ஒன்றரை மடி

1

என் மடி எவ்வளவு அகலம் என்று ஒரு கடைக்குள் வைத்து அளந்து பார்க்கும் நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அதுவும் தாதரில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், பெற்ற மகள் "மம்மி, ப்ளீஸ்!" என்று பல்லைக் கடிக்க.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாத்தான்குளத்துக்குப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பம்பாய்க்கு வந்தவள் நான். பெயர் மெர்சி. ஊரின் பெயர் மும்பை என்று மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் பம்பாய்தான். தாராவியில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது டோம்பிவிலியில் ஓர் அறையும் அடுக்களையுமாக வீடு. வீட்டுக்காரர் ஐசக் செம்பூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கிறார். ஒரே மகள் ப்ரீத்தி மாட்டுங்காவில் கல்லூரி படிக்கிறாள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னால்தான் ஊரில் யாருக்கும் சட்டென்று விளங்குவதில்லை. ஹிந்தியில் எடுத்த விளம்பரங்களுக்குத் தமிழ் எழுதுகிறேன். உங்கள் வீட்டு டிவியில் ஒரு பெண் வெள்ளைச் சட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரித்துப் பேசினால், சிரிப்பு ஹிந்திக்காரியுடையது, குரல் தாராவிக்காரி ஒருத்தியுடையது, பேச்சு என்னுடையது. சோப்பு, சிமென்ட், மூட்டுவலித் தைலம் எல்லாம் எழுதியாயிற்று. அந்த வேலை வராத மாதங்களில் டோம்பிவிலியில் ஒரு பல் டாக்டரிடம் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பேன்.

போன வருடம் மழை தொடங்கிய சமயம், செம்பூர் ஸ்டுடியோவில் தமிழ்ப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் வெங்கட்ராமன் சார் கூப்பிட்டார். பாலக்காட்டுப் பூர்வீகம், பிறந்து வளர்ந்ததெல்லாம் மாட்டுங்கா.

"மெர்சி, டெய்லி சீரியல் ஒண்ணு வந்திருக்கு. ஹிந்திலேர்ந்து தமிழுக்கு. வாரத்துக்கு அஞ்சு எபிசோட். ஒங்களுக்குத்தான் குடுக்கணும்னு எனக்கு ஆசை."

"தாங்க சார்."

"தரேன். ஆனா பேப்பர்ல எழுதிண்டு வந்து நிக்கப்படாது. எல்லாரும் பாக்கற ஃபைல்ல நீங்களே டைப் அடிக்கணும். ஸ்க்ரிப்ட் காலம்பற ஆறு மணிக்கு வரும், பதினோரு மணிக்கு ரெக்கார்டிங். ரெக்கார்டிங் நடக்கறச்சே வேற இங்கேயே உக்காந்து மாத்தணும். சொந்தமா லேப்டாப் வாங்கிடுங்கோ. சென்னைல ஒருத்தர் அங்கேர்ந்தே பண்ணி அனுப்பறேன்னு நிக்கறார். மொதல் வாரம் ட்ரையல். ஒங்களால முடியலேன்னா சீரியல் அங்க போயிடும், அப்பறம் விளம்பரமும் பின்னாடியே போயிடும்."

அவர் பயமுறுத்தச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். தினமும் தமிழ் எழுதுகிற வேலை! டோக்கன் கொடுக்கும் மேசைக்குத் திரும்பவே கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

2

வீட்டில் மூன்று பேர், மூன்று கட்சி.

"கொஞ்சம் பொறுட்டி, செகண்ட் ஹேண்ட்ல நல்லதா ஒண்ணு பாக்குதேன்" என்றார் ஐசக்.

"நீங்க பாத்து முடிக்கதுக்குள்ள சீரியலே முடிஞ்சிரும்" என்றேன்.

ப்ரீத்தி பெரிய லேப்டாப்பாக வாங்கச் சொன்னாள். அதில் அவளுக்கும் பங்கு உண்டு என்று நினைத்திருப்பாள். நான் நினைத்தது வேறு. ஸ்க்ரிப்ட் ஆறு மணிக்கு வந்தால், சமைத்து, இரண்டு சாப்பாட்டு டப்பா கட்டி, ரயில் பிடிக்கிறதுக்குள் பாதிதான் முடியும். மீதி ரயிலில்தான் முடிய வேண்டும். டோம்பிவிலியிலிருந்து குர்லா, அங்கே ஹார்பர் லைன் மாறி செம்பூர். எங்கள் ஸ்டேஷனில் காலையில் ஏறுவதை நான் உங்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைக்க? கனமான பையைத் தோளில் போட்டால் பை ஒரு பக்கம் போகும், நாம் ஒரு பக்கம் போவோம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் லேப்டாப் அந்த நெரிசலில் திரை நசுங்கிப் போனது.

தாதர் கடையில் அதைப் பார்த்தேன். போன வருட மாடல் என்று நல்ல தள்ளுபடி. லேப்டாப் விலையில் பாதிதான். கையில் எடுத்தால் என் பைபிள் கனம்கூட இல்லை. ஒரு டேப்லெட், அதன் கீழே காந்தம் மாதிரி ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கீபோர்டு, பின்பக்கம் முட்டுக்கொடுக்க ஒரு மடிப்பு.

"மேடம், அலக் கரோ தோ டேப்லெட், ஜோடோ தோ லேப்டாப்" என்றான் விற்பனைக்காரன். பிரித்தால் டேப்லெட், சேர்த்தால் லேப்டாப்.

"மம்மி, யே லேப்டாப் நஹீ ஹை" என்றாள் ப்ரீத்தி, இது லேப்டாப்பே இல்லை என்று. "டேப்லெட்டுக்கு சட்டை மாட்டி விட்டிருக்கு, அவ்ளோதான்."

நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தமிழ் கீபோர்டு உள்ளே இருந்தது, என் பெயரை அடித்துப் பார்த்தேன், வந்தது. சூடாகவில்லை. ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள் முழுக்க வரும் என்றான். திரை சின்னது, எழுத்துக்கட்டைகள் நெருக்கம், என் விரல்கள் ஒன்றை அடித்தால் இரண்டு விழுந்தன. அது பழகிவிடும். கீபோர்டைத் தனியாகப் பிரித்து மடியில் வைத்துத் தட்டினேன், ஒன்றும் வரவில்லை. பிரித்தால் கீபோர்டுக்கு உயிர் கிடையாதாம். ஒட்டியிருந்தால்தான் வேலை செய்யும்.

"மேசையில் நன்றாக நிற்கும்" என்று நிறுத்திக் காட்டினான். மேசையில் நின்றால் எனக்கென்ன? எங்கள் வீட்டிலேயே மேசை கிடையாது.

எங்கள் லோக்கல் ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஒரு பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம். நாலாவதாக ஒருத்தி வந்து "சர்கோ" என்றால், அதாவது நகரு என்றால், மூவரும் நகர்ந்து ஓரத்தில் கொஞ்சம் இடம் விட வேண்டும். சட்டம் எதுவும் இல்லை, ஆனால் மாட்டேன் என்று ஒருத்தியும் சொல்ல முடியாது. அந்த நாலாவது சீட்டில் பாதி உடம்புதான் பெஞ்சில் இருக்கும், ஒரு கால் நடைபாதையில் ஊன்றி நிற்கும். எனக்குக் கிடைப்பது எப்போதும் அந்த சீட்தான். ஆகவே இந்த மிஷின் நாலாவது சீட்டில் நிற்குமா என்று தெரியாமல் நான் எப்படி வாங்குவது?

கடையில் போன் ரிப்பேருக்குக் காத்திருப்பவர்களுக்காக ஒரு பெஞ்ச் போட்டிருந்தார்கள். முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ப்ரீத்தியைப் பிடித்து மூன்றாவதாக உட்காரவைத்தேன். நான் போய் ஓரத்தில் நின்று "தோடா சர்கோ" என்றேன். அந்த இரண்டு பேரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, பழக்கத்தில் அப்படியே நகர்ந்துவிட்டார்கள்!

மிஷினை மடியில் விரித்தேன். கீபோர்டு முழங்காலுக்கு இந்தப் பக்கம், முட்டுக்கொடுக்கும் மடிப்பு முழங்காலுக்கு அந்தப் பக்கம். இரண்டு வரி அடிப்பதற்குள் சரிந்தது. என்ன செய்கிறீர்கள் என்று விற்பனைக்காரன் பாய்ந்து பிடித்தான். "மேடம்! க்யா கர் ரஹே ஹோ?"

பக்கத்துப் பெண் நிதானமாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சென்ட்ரல் லைன்?"

"டோம்பிவிலி."

"ஹாம்" என்று தலையாட்டினாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ப்ரீத்தி மட்டும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

3

சரிந்ததைப் பார்த்த பிறகும் வாங்கினேன். முட்டாள்தனம் என்று நீங்கள் சொல்லலாம். பெரிய லேப்டாப் வாங்க வழியில்லை, இது இல்லாவிட்டால் வேலை இல்லை. மடிக்கு ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்ற தைரியம்தான்.

தவணையில் கொடுக்கிறோம் என்றார்கள். அங்கேயும் ஒரு கூத்து. "சர்நேம் க்யா ஹை?" என்று கேட்டான். எங்களுக்கு சர்நேம் ஏது? ஊரில் T. மெர்சியாகப் பிறந்தேன். இங்கே பாங்க்காரன் இனிஷியலை விரிக்கச் சொல்லி அப்பா பெயரைப் பின்னால் போட்டு மெர்சி தங்கராஜ் ஆக்கினான். ஆதாரில் மெர்சி ஐசக். ரேஷன் கார்டில் ஐசக் மெர்சி, என் வீட்டுக்காரருக்கு நான் சர்நேம் ஆன மாதிரி. தவணை கொடுக்கும் கம்ப்யூட்டர் இந்த மூன்று பெண்களும் ஒரே ஆள் இல்லை என்று சொல்லிவிட்டது. ஐசக் முனகிக்கொண்டே சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். தள்ளுபடியில் எடுத்ததைத் திருப்பி வாங்கமாட்டோம் என்று பில்லில் முத்திரை குத்தினான்.

முதல் நாள் திங்கட்கிழமை. ஐசக் அவர் கடையிலிருந்து மைக்கா ஒட்டிய பலகை ஒன்றை அளவாக வெட்டிக் கொண்டுவந்திருந்தார். வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன மனிதர்தான், வாங்கிய பிறகு ஓரமெல்லாம் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக் கொடுத்தார். எனக்கு அவர்மேல் ரொம்பப் பிரியமாக இருந்தது. ஆனால் பலகை நாலாவது சீட்டுக்கு அகலமாகப் போய்விட்டது. நடைபாதையில் நிற்கிறவள் இடுப்பில் இடித்தது. "ஏ மேடம், யே க்யா டைனிங் டேபிள் லாயீ?" டைனிங் டேபிளையா கொண்டுவந்திருக்கிறாய் என்று அவள் கத்த, பலகையை எடுத்துக் காலடியில் வைத்தேன். பலகை இல்லாமல் மிஷின் சரிந்தது. முழங்காலை இறுக்கிக்கொண்டு ஒரு கையால் பிடித்து ஒரு கையால் அடித்தேன். மும்ப்ரா தாண்டும்போது போட்டான் ஒரு பிரேக்! மிஷின் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம் பிரிந்துவிட்டது. நல்ல வேளை, கீழே விழாமல் பக்கத்துப் பெண்ணின் மடியில் விழுந்தது.

வாயால் சொன்னால் அதுவே எழுதும் என்று ப்ரீத்தி சொல்லிக்கொடுத்திருந்தாள். போனை எடுத்து மெதுவாக, "நீ எனக்குத் துரோகம் செய்துவிட்டாய்" என்றேன். அது நான் சொன்னதோடு, பின்னால் எவளோ கத்திரிக்காய் விலை சொன்னதையும், அறிவிப்பையும் சேர்த்து ஏதோ ஒரு தமிழில் எழுதித் தள்ளியது. எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஃபைல் பதினோரு மணிக்குப் பிறகுதான் முடிந்தது. குரல் கொடுக்க வந்தவர்கள் டீ குடித்துவிட்டு வாசலில் நின்றார்கள். வெங்கட்ராமன் சார் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப உறுத்தியது.

"நாளைக்கும் இப்படின்னா கஷ்டம், மெர்சி."

"நாளைக்கு லேட் ஆகாது சார்."

எப்படி என்று எனக்கே தெரியாது. வாய் சொல்லிவிட்டது.

4

திரும்பும் ரயிலில் நின்றுகொண்டு வந்தேன். தோளில் பை, கையில் அந்தப் பலகை. அப்போதுதான் எங்கள் ஊர் பஸ் நினைவுக்கு வந்தது.

சாத்தான்குளத்திலிருந்து திருநெல்வேலிக்குக் காலேஜ் போன நாட்களில், சீட் கிடைத்தவளுக்கு நிம்மதியே கிடையாது. நிற்கிறவர்கள் எல்லாரும் பையைக் கொண்டுவந்து மடியில் வைப்பார்கள். கேட்கவும் மாட்டார்கள். "ஏளா, இதக் கொஞ்சம் வச்சுக்கோ" என்பார்கள், அவ்வளவுதான். டிபன் பாக்ஸ், காய்கறிப் பை, கைப்பிள்ளை எல்லாம் வரும். ஒரு தடவை ஒரு அம்மாள் கால் கட்டிய கோழியையே வைத்துவிட்டாள். யாருடைய பையோ என்று நாமும் முகம் சுளிப்பதில்லை. உட்கார்ந்திருப்பவளின் மடி பஸ்ஸில் இருக்கிற எல்லாருக்கும் பொது.

இங்கே எத்தனையோ வருடமாக நாலாவது சீட் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் யாரிடமும் மடி கேட்டதில்லை. பம்பாயில் இடம் கேட்கலாம். இடத்துக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது என்று நானாகவே ஒரு வேலி போட்டு வைத்திருந்தேன்.

மறுநாள் அதே வண்டி, அதே பெஞ்ச். முந்தின நாள் என் மிஷின் போய் விழுந்தது சுனந்தாவின் மடியில். சுனந்தா மராத்திக்காரி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், தாதரில் ஏதோ அலுவலகத்தில் வேலை. ஏறி உட்கார்ந்த மறு நிமிடம் கண்ணை மூடிவிடுவாள். மழை கொட்டினாலும் சண்டை நடந்தாலும் தாதர் வந்தால்தான் கண் திறக்கும். மராத்தியில் அக்காவை தாயி என்பார்கள். எனக்குத் தெரிந்த மராத்தியைத் திரட்டி, "தாயி, தோடீ மாண்டீ தேதா கா?" என்று கேட்டேன்.

'அக்கா, கொஞ்சம் மடி தருவீர்களா?' பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. இடம் கேட்டவளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள், மடி கேட்டவளைப் பார்த்ததில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே அவளைப் பார்த்தேன். வெட்கப்பட்டால் சீரியல் சென்னைக்குப் போய்விடும்.

சுனந்தா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து மிஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முழங்காலைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளி என் தொடையோடு ஒட்டவைத்தாள்.

"வை. ஆனா என்னை எழுப்பாதே" என்று மராத்தியில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

என் மடியும் அவளுடைய பாதி மடியும் சேர்ந்த ஒன்றரை மடி அந்த மிஷினுக்குச் சரியாக இருந்தது. கீபோர்டு என்மேல், முட்டுக்கொடுக்கும் மடிப்பு அவள்மேல். அதுவும் தூங்குகிறவளின் மடி, அசையவே அசையாது! அன்றைக்குக் குர்லாவுக்கு முந்தியே, விக்ரோளி ஸ்டேஷன் வருவதற்குள் நான் கடைசிக் காட்சியில் இருந்தேன். ஃபைல் பத்தரைக்கே போய்ச் சேர்ந்தது.

5

நேரம் சரியானதும் பேச்சில் பிடிக்க ஆரம்பித்தார்கள். சேனலுக்காகச் சென்னையிலிருந்து மேற்பார்வை பார்க்கிறவர் ஃபைலிலேயே சிவப்பில் குறிப்பு எழுதுவார். கதாநாயகி "சொல்லுதேன்" என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டாள், அது என் வாயிலிருந்து அவள் வாய்க்குப் போனது. இன்னோரிடத்தில் மாமியார், "லைட்டை பந்த் பண்ணு" என்கிறாள். "எதற்கு கடையடைப்பு?" என்று சிவப்பில் ஒரு கேள்வி. பம்பாய்த் தமிழன் எல்லாவற்றையும் பந்த்தான் பண்ணுவான், கதவை, குழாயை, வாயை. அணை என்று மாற்றினேன். இத்தனை வருடத்தில் என் தமிழுக்குள் என்னென்ன நுழைந்திருக்கிறது என்று அந்த ஒரு வாரத்தில் எனக்கே தெரிந்தது. அவமானமாகத்தான் இருந்தது. திருத்தித் திருத்தி அனுப்பினேன்.

ப்ரீத்தி ஒரு நாள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "மம்மி, படிச்சுக் காட்டேன்." அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஒரு வரி முடிவதற்குள் ஆர்வம் போய்விடும். ஊரில் எத்தனையோ வீட்டுக்குப் போய்ச்சேரப் போகிற பேச்சை எழுதுகிறேன், என் வீட்டில் இருப்பவளுக்குப் படிக்க வரவில்லை. படித்துக் காட்டினேன்.

"இப்படி யாரு பேசுவா? நீ டாடியோட சண்டை போடும்போது இப்படியா பேசுறே?" என்றாள்.

சரியான கேள்விதான். ஆனால் எனக்கு அப்போது கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை, ஐந்தாவது எபிசோட். அதில் ஒரு காட்சி. விருந்தாளிகள் முன்னால் கணவன் மனைவியைப் பார்த்து, "என் வீட்டை விட்டு வெளியே போ" என்கிறான். அவள் வாசல்வரை நடந்து போய், திரும்பாமல் ஒரு வசனம் சொல்ல வேண்டும். ஹிந்தியில், இந்த வீட்டின்மேல் எனக்கும் அதிகாரம் உண்டு என்று சொல்கிறாள். "எனக்கும் உரிமை இருக்கிறது" என்று எழுதினேன். தேர்தல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. "இது என் வீடும்தான்" என்று எழுதினேன். சப்பென்று இருந்தது. ப்ரீத்தி கேட்டது வேறு காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன ஆச்சு?" சுனந்தா கண்ணைத் திறந்திருந்தாள். தட்டுகிற சத்தம் நின்றதால் தூக்கம் கலைந்துவிட்டதாம்.

விஷயத்தைச் சொன்னேன். இப்படி ஒருத்தன் வீட்டை விட்டுப் போகச் சொல்கிறான், இவள் என்ன சொல்வாள் என்று கேட்டேன்.

"அதிகாரமா?" உதட்டைப் பிதுக்கினாள். "எந்தப் பொம்பளை அந்த மாதிரி பேசுவா? ஜாத்தி ஹூம். பெஹலே நமக் கா டப்பா கிதர் ஹை, வோ பதா."

போகிறேன். முதலில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது, அதைச் சொல்லு.

எழுதியிருந்ததை அழித்துவிட்டு அதையே தமிழில் அடித்தேன். "தாயி, இது எங்கேயிருந்து வந்தது?"

"என் புருஷன் ஒரு தடவை என்னைப் போகச் சொன்னான், நான் இதைத்தான் கேட்டேன்" என்றாள். "இன்னும் தேடிக்கிட்டிருக்கான்." மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

6

"இது ஒரிஜினல்ல இல்லையே, மெர்சி" என்றார் வெங்கட்ராமன் சார்.

"இல்ல சார்."

"சென்னைலேர்ந்து மாத்தச் சொல்லியாச்சு. இல்லாததைச் சேக்கப்படாதுங்கறா. ட்ரையல்ல இன்னிக்கிதான் கடைசி நாள். இதுக்குப் போயி வம்பை வாங்கிக்கணுமா? உரிமைன்னு போட்டுட்டா முடிஞ்சுது."

முடிந்திருக்கும். வேலையும் கையில் இருந்திருக்கும். என் விரல் அந்த வரிமேல் போய் நின்றது. அழிக்க மனசு வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவர்கள் சொன்ன ஒவ்வொரு சிவப்புக்கும் தலையாட்டியிருந்தேன். இது ஒன்றுக்கு முடியாது என்று தோன்றியது.

"சார், அந்த எடத்துல அவ முதுகுதான் தெரியுது. வாய் அசைவு பிரச்சினை கெடையாது. ரெண்டையும் ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க. கேட்டுட்டு சொல்லட்டும். புடிக்கலன்னா சீரியல அவங்களே வச்சுக்கட்டும்."

வெங்கட்ராமன் சார் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். "சரி, ஸ்டெல்லாவைக் கூப்பிடுங்கோ."

ஸ்டெல்லா தாராவிப் பெண், கதாநாயகிக்கு அவள்தான் குரல். முதலில் உரிமை வரியைச் சொன்னாள், நன்றாகத்தான் சொன்னாள். அடுத்ததை ஒரு தடவை மனதுக்குள் படித்துவிட்டு, "எக்கா, யாருக்கா இத எழுதினது?" என்றாள். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, சத்தம் போடாமல், யாரிடமோ வழி கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சரி, போறேன். அடுக்களைல உப்பு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

ஒரே டேக். தமிழ் தெரியாத ரெக்கார்டிங்காரன்கூட ஏதோ நடந்த மாதிரி நிமிர்ந்து பார்த்தான்.

இரண்டையும் அனுப்பிவிட்டு வாசலில் டீயோடு நின்றேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம், வாய்க்குள் போகவில்லை. வெங்கட்ராமன் சார் போனைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ரெண்டாவதையே வச்சுக்கச் சொல்லிட்டா" என்றார். "திங்கக்கெழமை எபிசோட் காலம்பற வந்துடும். லேட் பண்ணப்படாது."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான்.

7

இதெல்லாம் நடந்து சில வாரம் கழித்து அந்த எபிசோட் ஒளிபரப்பானது. ப்ரீத்தி அதைப் போனில் பார்த்துவிட்டு, "மம்மி, மஸ்த் லைன், சூப்பர்!" என்றாள். முதல் முறையாக ஒரு தமிழ் சீரியலை முழுசாகப் பார்த்தாள். அவள் கல்லூரித் தோழிகளிடம் ஹிந்தியில் சொல்லிக் காட்டிச் சிரித்ததும் என் காதில் விழுந்தது. இவ்வளவு போதும் என்று நான் சொல்லமாட்டேன். எழுத்துக்கூட்டி இன்னும் ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று தினமும் பிடித்து உட்காரவைக்கிறேன், அவளும் தினமும் ஓடுகிறாள்.

தள்ளுபடியில் வருகிறதே, கீபோர்டு பிரிகிற டேப்லெட்டை லேப்டாப்புக்குப் பதிலாக வாங்கலாமா என்று ஊரிலிருந்து இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். வீட்டில் மேசை இருந்தால் தாராளமாக வாங்குங்கள். தனி மடியை நம்பி வாங்காதீர்கள். பக்கத்தில் ஒரு சுனந்தா இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

ஒளிபரப்பான மறுநாளே என் தங்கை எஸ்தர் சாத்தான்குளத்திலிருந்து போன் செய்தாள். எடுத்ததும் ஒரே சிரிப்பு, பேச்சே வரவில்லை.

"எக்கா, உப்பு எங்க இருக்குன்னு கேட்டாளே, நம்ம ஊர்க்காரி எழுதுனதுன்னு அப்படியே தெரியுதுக்கா. வேற எவளுக்கு இப்படிப் பேச வரும்?"

"அது டோம்பிவிலி வண்டில தூங்கிக்கிட்டு வார ஒரு மராட்டிக்காரி பேசினதுட்டி" என்றேன்.

"சும்மா கெட எக்கா!" அவள் நம்பவில்லை. "இதக் கேளு. எங்க வீட்டுல இவ்வோ சாப்பிட்டுக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தாவோ. பாதிச் சோத்துல எந்திரிச்சி அடுக்களைக்குள்ள போயிட்டாவோ. எச்சிக் கையோட ஒவ்வொரு டப்பாவா தொறந்து தொறந்து பாக்காவோக்கா!"

மறுநாள் காலையில் வண்டி ஏறினேன். "சர்கோ" என்றேன், நகர்ந்தார்கள், உட்கார்ந்தேன். சுனந்தா கண்ணை மூடியிருந்தாள். எழுப்பக்கூடாது என்று உத்தரவு இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அவள் சொன்ன பேச்சு எங்கள் ஊர்வரை போய், என் தங்கை புருஷன் சாப்பாட்டை விட்டு எழுந்துபோய் அடுக்களையில் நின்றதைச் சொன்னேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"கிடைச்சுதா?" என்று கேட்டாள்.

"இல்ல தாயி."

முழங்காலை என் பக்கம் தள்ளிக் கொடுத்தாள். திவா ஸ்டேஷன் வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள், நான் இரண்டாவது காட்சியை அடித்துக்கொண்டிருந்தேன்.